உரல் மேல் ஏறிய மேசை

முப்பத்தோரு வயதில் நான் ஓய்வு பெற்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் பார்த்துவந்த டிசைன் உதவியாளர் பதவியை மேலிடத்தில் எடுத்துவிட்டார்கள். பதவி ஓய்வு பெற்றபோது அதில் உட்கார்ந்திருந்த நானும் சேர்ந்து ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசிய ஒருவர், இனி நான் பேரன் பேத்திகளோடு அமைதியாகக் காலம் கழிக்கவேண்டும் என்று வாழ்த்தினார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. வேறு யாருக்கோ எழுதிய பேச்சை அப்படியே படித்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. மாலையை மட்டும் சரியான ஆளுக்குப் போட்டார்கள்.

போன மாதம் எங்கள் பழைய தறிக்கூடத்துக்கு மின்விளக்கு வந்தது. கூரை நெடுக வரிசையாகக் குண்டு பல்புகள். அங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். "அக்கா, யுத்த காலத்துல நீங்க போட்ட நெழல் கட்டத் துணி பீரோவுல இருக்குதுங்க. வெளக்குக் கீழ எப்படிப் புரட்டுனாலும் கட்டத்தையே காணோமுங்க. நெசமாலுமே அதுல கட்டம் இருக்குதுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். இருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வந்தால் அது தெரியாது. ஒரு பக்கமிருந்து வந்தால்தான் தெரியும். இதைச் சொன்னதும் இருவரும், பாவம் வயதாகிவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

பயிற்சிக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். சென்னையில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அங்கே கற்றவை: பாவு என்பது நீளவாட்டு நூல், ஊடை என்பது குறுக்கு நூல், ஆசிரியர் என்பவர் நான் கேட்கும் கேள்விக்குப் பக்கத்துப் பையனைப் பார்த்துப் பதில் சொல்பவர். சான்றிதழ் வாங்கிக்கொண்டு, மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்து சேர்ந்தேன்.

தறிக்கூடத்தின் தலைவர் சூப்பிரண்டு. உயரம் குறைவு, மிடுக்கு அதிகம். அவர் தம்மை 'நான்' என்று சொல்லிக்கொண்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார். "ஆபீஸுக்குத் தலைவலி" என்பார். "ஆபீஸ் இன்னும் சாப்பிடலை" என்பார். ஒருமுறை மழையில் வழுக்கி விழுந்து, "ஆபீஸைத் தூக்குங்கப்பா" என்றார். யாரையும் திட்டமாட்டார். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, கடைசியில் "அப்படித்தானே?" என்று சேர்த்துவிட்டுக் காத்திருப்பார். எதிரில் நிற்பவர் ஆமாம் என்று சொல்லும்வரை கண் இமைக்க மாட்டார்.

அவருடைய பெருமை எல்லாம் 'நண்பகல் பரிசோதனை' என்ற ஒன்றில் இருந்தது. அது அவரே கண்டுபிடித்தது. மேலிடத்தில் பாராட்டும் வாங்கியது. முற்றத்தில் ஒரு குச்சி நட்டிருப்பார். அதன் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் மேசையை வெளியே கொண்டுவர வேண்டும். மேசையின் நீளம் அந்த நிழலோடு ஒட்டி, வடக்கு தெற்காக இருக்கவேண்டும். துணியைச் சுருக்கமில்லாமல் அதே வாட்டத்தில் விரிக்கவேண்டும். பரிசோதிப்பவர் கிழக்கிலோ மேற்கிலோ நின்று, துணிக்கு நேர்மேலே தலையை நீட்டி, பூதக்கண்ணாடி வழியாக, கிணற்றில் விழுந்த சொம்பைத் தேடுவதுபோல் குனிந்து பார்க்கவேண்டும். ஏன் நண்பகல் என்று நான் கேட்டபோது விளக்கமும் தந்தார்: "சாயங்கால வெயில்ல எருமைகூடச் செவலையாத் தெரியும். மத்தியான வெயில் பொய் சொல்லாது. அப்படித்தானே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

யுத்தம் வந்ததும் முதலில் நின்றது சாயம். பிறகு நூலுக்கும் தட்டுப்பாடு. புதிய டிசைன் ஒன்றைக் காட்டி ஒப்புதல் வாங்கும் கூடங்களுக்குத்தான் அடுத்த வருடத்து நூல் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒரு டிசைனுக்கு ஒரு பங்கு நூல். டிசைன் இல்லாவிட்டால் நூலும் இல்லை. எங்களை நம்பி ஆறு தறிகள் இருந்தன. ஆறிலும் மூத்த தறிக்காரர் மாதப்பன். கன்னடம் பேசும் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தமிழ், தறி மக்கர் செய்தால் இரண்டும் கலந்து. அவர் என்னிடம் வந்து, "டிசைனம்மா, நூலு வல்லேன்னா தறிக்குழியில கோழிதான் அடைக்கோணுங்க" என்றார். அவர் மனைவி கெம்பம்மா உள்ளேயிருந்து, "கோழி வாங்கக் காசு ஏது? சும்னிரு" என்று அவர் வாயை அடைத்தாள்.

சாயம் இல்லாமல் டிசைன் வேண்டும். கையில் இருந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன்: வெள்ளை நூல், வெயில், கெம்பம்மாவின் ராட்டை. அவ்வளவுதான். ஆனால் அது போதும் என்று தோன்றியது.

நூலை வலமாகவும் முறுக்கலாம், இடமாகவும் முறுக்கலாம். வலமுறுக்கு நூலில் இழைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இடமுறுக்கில் மறுபக்கம். ஒரே வெள்ளைதான். ஆனால் வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒன்று பளிச்சென்று இருக்கும், மற்றது மங்கிக் கிடக்கும். துணியின் தரையை வலமுறுக்கில் நெய்து, நடுநடுவே பாவிலும் ஊடையிலும் இடமுறுக்குக் கோடுகள் விட்டால், வெள்ளைத் துணிக்குள் வெள்ளைக் கட்டம் நிழல்போல் எழும். சாயமே வேண்டாம், சூரியனே சாயம் போடும்.

மில் நூல் எல்லாம் ஒரே திசையில் முறுக்கி வருவது. அதை இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து ராட்டையில் மறுபடி முறுக்கவேண்டும். ஒரு பங்கை வலமாக, ஒரு பங்கை இடமாக. இங்கே கெம்பம்மா மறுத்துவிட்டாள்.

"ராட்டையத் திருப்பிச் சுத்துனா வந்த லச்சுமி வந்த வழியே போயிடுவாங்க. எங்க வூட்டுல அந்த வேலையே கெடயாதுங்க."

"கெம்பம்மா, ராட்டைக் கயிற்றைக் குறுக்காக மாற்றிப் போட்டுவிட்டால் சக்கரம் எப்போதும்போல் வலமாகத்தான் சுற்றும். நூலை முறுக்கும் கதிர் மட்டும்தான் இடமாகச் சுற்றும்" என்றேன்.

அவள் யோசித்தாள். "லச்சுமி சக்கரத்தப் பாப்பாங்களா, கதிரப் பாப்பாங்களா?"

"சக்கரம்தான் பெரிசு. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அதுதான் முதலில் தெரியும்" என்றேன். மாதப்பன் எனக்கு உதவிக்கு வந்தார், அவர் பாணியில்: "இவ்ளோ தொலவுலருந்து நடந்து வர்றவங்க கதிரையா உத்துப் பாக்கப் போறாங்க?"

"பாத்தாங்கன்னா நீதான் பதிலு சொல்லோணும்" என்று கெம்பம்மா கயிற்றை மாற்றிப் போட்டாள்.

இரண்டு வகை நூலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஆகவே இடமுறுக்கு நூலை மட்டும் சலவை நீலத்தில் நனைத்து அடையாளம் வைத்தோம். நெய்து முடித்ததும் அலசினால் நீலம் போய்விடும். பயிற்சிக் கூடத்தில் கற்ற முறைதான். இதைச் சூப்பிரண்டிடம் சொல்லலாம் என்றால் அவர் அப்போது ஏரியூரிலுள்ள தம் தங்கை வீட்டுக்கு விடுப்பில் போயிருந்தார்.

அவர் திரும்பி வந்த அன்று தறியில் துணி பாதி ஏறியிருந்தது. வெள்ளைத் தரையில் நீலக் கட்டம். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நீலம்! ஊரெல்லாம் சாயத்துக்கு அலையுது. ஆபீஸ் நீலத்துல நெய்யுது. அப்படித்தானே?"

"இல்லை சார், இது வந்து…"

"எங்கே பிடிச்சே? வேண்டாம், சொல்லாதே. ஆபீஸுக்குத் தெரியவேண்டாம்." அவர் கண்ணில் நீர் தளும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய், நீலக்கட்டத் துணி ஒன்று தயார், நேரில் வந்து பார்க்கவும் என்று சேலத்துப் பெரிய அதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டார். அது தபாலில் போன பிறகுதான், அது வெறும் அடையாளம் என்று அவருக்கு விளங்கவைக்க முடிந்தது. விளங்கவும் ரொம்ப நேரம் ஆனது. துணியை இறக்கி, கெம்பம்மா கிணற்றடியில் அலசி, நீலமெல்லாம் வாய்க்காலில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபோதுதான் முழுவதும் விளங்கியது.

"போச்சு" என்றார். "ஆபீஸ் வாய்க்கால்ல போவுது."

அன்று சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியின் மேல் வெயில் சாய்ந்து விழுந்தது. வெறும் வெள்ளைக்குள்ளிருந்து கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. மாதப்பன் துணியைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடி தொட்டார். சூப்பிரண்டு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொடிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார். அழகாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த நொடி முகம் வாடியது.

"பரிசோதனை நண்பகல்லே. நண்பகல்லே இது தெரியுமா?"

"மேலிருந்து நேராகப் பார்த்தால் தெரியாது சார். சாயங்காலம் வைத்துக்கொண்டால்…"

"பெரியவர் மத்தியான ரயிலுக்குத் திரும்பிடுவார். டிசைன்தான் ஆபீஸ் நேரத்துக்கு வரணும். ஆபீஸ் டிசைன் நேரத்துக்குப் போகமுடியாது. அப்படித்தானே?"

இந்த முறை ஆமாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதப்பன் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மற்ற ஐந்து தறிக்காரர்களும் வந்து நின்றிருந்தார்கள். அலசின துணியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கலைந்து போனார்கள்.

எனக்குக் குழப்பம் வந்தால் வரிசைப்படுத்துவேன். வழி ஒன்று: பெரிய அதிகாரிக்குக் களி போட்டுத் தூங்கவைத்து, ரயிலைத் தவறவிடச் செய்வது. இது கெம்பம்மாவின் யோசனை. தூக்கம் கலைந்ததும் நூலும் கலைந்துவிடும் என்று விட்டுவிட்டோம். வழி இரண்டு: துணியை மறுபடி நீலத்தில் முக்குவது. இது சூப்பிரண்டின் யோசனை. பெரிய அதிகாரி ஈரக் கையோடு தொட்டால் கதை முடிந்தது. வழி மூன்று: பார்ப்பவரைப் பக்கவாட்டில் குனிந்து, கண்ணைத் துணியின் மட்டத்துக்குக் கொண்டுவரச் செய்வது. நண்பகலில்கூட அப்படிப் பார்த்தால் தெரியும்; தை மாதத்து வெயில் உச்சியில் நிற்காமல் தெற்கே சாய்ந்துதான் வருகிறது. ஆனால் சேலத்திலிருந்து வரும் அதிகாரியை முட்டிபோடச் சொல்வது யார்?

அவர் தாழ மாட்டார் என்றால் துணி உயரவேண்டும். நண்பகல் பரிசோதனையின் விதிகளை முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். நேரம் இருந்தது, திசை இருந்தது, சுருக்கம் கூடாது என்பது இருந்தது. மேசையின் உயரம் இல்லை.

சூப்பிரண்டிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி, விதிகளை விரல்விட்டு எண்ணினார். "உயரம் பத்தி ஆபீஸ் ஒண்ணும் சொல்லலை. அப்படித்தானே?"

"ஒன்றும் சொல்லவில்லை சார்."

"சொல்லாததை ஆபீஸ் தடுக்காது."

"இன்னொன்றும் இருக்கிறது சார். கிழக்கிலிருந்து பார்ப்பவருக்கும் மேற்கிலிருந்து பார்ப்பவருக்கும்…"

"போதும்மா. ஆபீஸுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஆச்சரியம்தான் தாங்கும்."

மேசையை எதன் மேல் ஏற்றுவது? செங்கல் அடுக்கினால் ஆடியது. மாதப்பன்தான் உரலைச் சொன்னார். நான்கு கால், நான்கு உரல், கவிழ்த்துப் போட்டால் யானையே நிற்கும். தெருவில் நான்கு வீடுகளில் கேட்டு, உருட்டிக்கொண்டு வந்தோம். அன்று அந்தத் தெருவில் யாரும் சாமை குத்தவில்லை. நான்காவது உரல் அம்மனுக்கு மாவிளக்கு மாவு இடிக்கும் உரல். அதைக் கொடுத்த அம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள்: செருப்புக் காலோடு ஒருவரும் அதன் கிட்டே வரக்கூடாது. ஒப்புக்கொண்டோம். அது எவ்வளவு நல்ல நிபந்தனை என்று பிறகுதான் தெரிந்தது.

பெரிய அதிகாரி வண்டியிலிருந்து இறங்கினார். சூப்பிரண்டைவிட ஒரு விரற்கடை உயரம். அதுவும் பூட்ஸின் உயரம். முற்றத்தில் குச்சியின் நிழல் குறுகிக்கொண்டிருந்தது. அவர் மேசையைப் பார்த்தார்.

"இது என்ன மேசையா, பரணா?"

நான் பதில் தேடுவதற்குள் மாதப்பன், "கரையானுங்க" என்றார். "கீழ வச்சா ஒரே நாள்ல காலைத் தின்னுடுதுங்க."

"இந்த ஊர்க் கரையான் அவ்வளவு மோசமா?"

"மனுசங் கால விட்டுடுதுங்க. மேசைக் கால விடறதில்லீங்க" என்றாள் கெம்பம்மா. "பூட்ஸக் கழட்டுங்க பெரியய்யா. அம்மன் உரலு."

பூட்ஸைக் கழற்றினார். மேசையின் கிழக்குப் பக்கம் வந்து நின்றார். துணி சரியாக அவர் மோவாய்க்கு வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தார், நேர்மேலே நீட்டக் கை எட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் மோவாயை மேசை விளிம்பில் வைத்துப் பார்த்தார். தராசுத் தட்டில் வைத்த பூசணிக்காய்போல் அவர் தலை மட்டும் தெரிந்தது.

ஆறு தறிக்காரர்களும் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"அட" என்றார். "கட்டம்! மங்கின தரையில பளிச்சுனு வெள்ளைக் கோடு. அழகா இருக்கே! ஆனா நீலம்னு எழுதியிருந்தீரே?"

"ஆபீஸ் அடக்கிவாசிச்சது சார்" என்றபடி சூப்பிரண்டு மேற்குப் பக்கம் போய்த் தம் மோவாயையும் மேசையில் வைத்தார். உடனே நெற்றி சுருங்கியது. "மன்னிக்கணும் சார். தரைதான் வெள்ளை. கோடுதான் மங்கல்."

"கோடு வெள்ளை."

"மங்கல் சார்."

"என் கண்ணுல கோளாறுங்கிறீரா?"

"ஆபீஸ் அப்படிச் சொல்லாது சார். கோடு மட்டும் மங்கல்."

இரண்டு பூசணிக்காய்களும் துணிக்கு மேலே ஒன்றையொன்று முறைத்தன. நான் நடுவில் புகுந்தேன். "சார், இது முறுக்கின் திசையால் வருவது. ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரியும் நூல் எதிர்ப்பக்கம்…"

"கொஞ்சம் இரும்மா, பெரியவங்க பேசறோம்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். அதில் மட்டும் ஒற்றுமை.

"இங்கே வந்து பாருமய்யா" என்றார் பெரிய அதிகாரி.

"நீங்க இங்கே வந்து பாக்கணும் சார்."

இருவரும் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள். ஒருவர் வடக்கே சுற்றி, ஒருவர் தெற்கே சுற்றி, இடம் மாறி மோவாயை வைத்தார்கள்.

"நீர் சொன்னதுதான் சரி" என்றார் பெரிய அதிகாரி, தணிந்த குரலில். "கோடு மங்கல்தான்."

"இல்லை சார், நீங்க சொன்னதுதான் சரி. கோடு வெள்ளை."

"நான்தான் ஒத்துக்கிட்டேனே, மங்கல்னு!"

"ஆபீஸும் ஒத்துக்கிட்டுது சார், வெள்ளைன்னு!"

மாதப்பன் என் காதருகில், "இது எந்தக் கணக்குலயுங்க டிசைனம்மா முடியும்? நமக்கு நூலு உண்டா, இல்லீங்களா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு போனால் ஆறு குழியிலும் கோழிதான். நிழல் நகரத் தொடங்கிவிட்டது. வண்டிக்காரன் ரயிலுக்கு நேரமாகிறது என்று மாட்டைத் தட்டினான்.

பெரிய அதிகாரி மோவாயை எடுத்தார். அதில் மேசை விளிம்பின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. "நான் அந்தப் பக்கம் நின்னு ஒண்ணைப் பாத்தேன். இந்தப் பக்கம் நின்னு வேற ஒண்ணைப் பாத்தேன். ரெண்டையும் என் கண்ணாலேயே பாத்தேன். ஆகவே டிசைன் ரெண்டு."

"ஒரே துணிதான் சார். டிசைனும் ஒன்றுதான். நிற்கும் இடம்தான் மாறுகிறது" என்றேன்.

"ஏம்மா, பாத்தது ரெண்டு. ஒண்ணுன்னு எழுதினா நான் பொய் எழுதினதா ஆகாதா?"

"ஆகும் சார்" என்றார் சூப்பிரண்டு உடனே. ஒரு டிசைனுக்கு ஒரு பங்கு நூல் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பெரிய அதிகாரி பூட்ஸுக்காகக் காலை நீட்டினார். அப்போது கெம்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க பெரியய்யா, இன்னும் ரெண்டு பக்கம் சும்மா கெடக்குதுங்களே."

அவர் நின்றார். மேசையைப் பார்த்தார். நீட்டிய காலை இழுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் நடந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோடும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தேன். சூப்பிரண்டு கண் இமைக்காமல் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். பெரிய அதிகாரி மோவாயை வைத்து உற்றுப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இங்கே ஒண்ணுமே இல்லையே. சுத்தமா பிளெயின்."

"முதல் ரெண்டும் மாதிரி இல்லீங்களா?" என்றார் மாதப்பன்.

"இல்லையே."

"அப்ப அது வேறதானுங்களே."

அடுத்த வருடம் எங்கள் ஆறு தறிகளுக்கும் மூன்று டிசைனுக்கான நூல் வந்தது. வடக்குப் பக்கம் பார்ப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பெரிய அதிகாரி வண்டி ஏறிப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அவரை இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம் என்று கெம்பம்மா அன்று முழுக்க மாதப்பனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.